பழைய காருக்கு எந்த ஆயில் ஃபில்டர்? பிரித்துப் பார்த்து எழுதும் மதிப்பீடு

பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆயில் ஃபில்டர் வாங்குகிறவர், உள்ளே இருக்கும் வடிகட்டும் தாளின் நுண்மையைப் பற்றிய விளம்பர வாசகங்களை ஒதுக்கிவிட்டு, மரை (திருகிப் பொருத்துவதற்கான சுற்று வரி), ரப்பர், வால்வு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் சாதாரண ஃபில்டரும், நல்ல மாற்று நிறுவனம் ஒன்றின் ஃபில்டரும் இந்த மூன்றிலும் தேறுகின்றன. விலை மிகக் குறைந்த பெயரில்லாப் பெட்டியும், விலை மிக அதிகமான பந்தயக் கார் ஃபில்டரும் வெவ்வேறு காரணங்களால் தேறவில்லை. இந்த நான்கையும் வாங்கி, தெரிந்த பட்டறை ஒன்றில் அறுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். என் கார் 2006இல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ், 1.6 லிட்டர்.

சிங்கப்பூரில் பழைய காரை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் தெரியும். பத்தாண்டு முடிந்ததும், காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழாகிய சிஓஇயைப் புதுப்பிக்க, கடந்த மூன்று மாதக் கட்டணங்களின் சராசரியைச் செலுத்த வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குப் பிறகு காரைக் கழிக்க வேண்டியதுதான். பத்தாண்டுக்குப் புதுப்பித்தால் மட்டுமே மீண்டும் புதுப்பிக்க இயலும். சாலை வரியோ பத்தாண்டைத் தாண்டியதும் 10 விழுக்காடு கூடி, ஆண்டுதோறும் ஏறி, பதினான்கு ஆண்டுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கிறது. கட்டாயச் சோதனையும் ஈராண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று மாறிவிடுகிறது. இத்தனையையும் செலுத்துபவர் என்ஜினை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். அந்த என்ஜினைக் காக்கும் பொருளின் விலை பெரும்பாலும் பத்திலிருந்து இருபது வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் பட்டறைக்காரர்கள் சிக்கனம் பார்ப்பதும் இந்த ஒரு பொருளில்தான்.

ஆயில், ஃபில்டர், கூலி மூன்றும் சேர்த்து ஒரே விலை என்று விளம்பரப்படுத்தும் பட்டறைகளில் ஆயிலின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஃபில்டர் எந்த நிறுவனத்துடையது என்று கேட்டால்தான் சொல்வார்கள், சில இடங்களில் கேட்டாலும் பெட்டியைக் காட்ட மாட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் நாமே காரைத் தூக்கி ஆயில் மாற்றவும் முடியாது. ஆகவே ஃபில்டரை நாமே வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுப்பதுதான் வழி. சின் மிங்கிலும் உபியிலும் காக்கி புக்கிட்டிலும் உள்ள சிறிய பட்டறைகள் இதற்குப் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை. நாம் கொண்டுவந்த பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சிலர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அது நியாயமானதுதான்.

வாங்கப் போகும்போது காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, நிறுவனத்தின் பாக எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. ‘ஆல்டிஸ் ஃபில்டர்’ என்று கேட்டால் கடைக்காரர் எந்த ஆண்டு, எந்த என்ஜின் என்று கேட்பார் அல்லது கேட்காமலேயே ஒன்றை எடுத்துத் தருவார். ஒரே பெயரில் பல தலைமுறைக் கார்கள் வந்துவிட்டன. அண்மைத் தலைமுறைக் கார்களில் சில உலோக உறையில்லாத தாள் உருளையைப் பயன்படுத்துகின்றன, முந்தையவை முழு உறையோடு திருகிப் பொருத்தும் வகையைச் சேர்ந்தவை. டொயோட்டாவின் சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 90915-ஒய்இசட்இசட்இ1 என்ற எண் பொருந்தும். ஹோண்டாவுக்கு இந்த வட்டாரத்தில் அதிகம் கிடைப்பது 15400-ஆர்ஏஎஃப்-டி01. உங்கள் காருக்கு உரிய எண்ணைக் கையேட்டிலோ, வாகனத்தின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு முகவரிடமோ உறுதிசெய்துகொண்டு, அதைக் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொள்ளலாம். மாற்று நிறுவனங்களின் பட்டியல்களும் இந்த எண்ணை வைத்தே ஒப்பிட்டுத் தருகின்றன.

எண்ணை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் மரைதான். டொயோட்டாவின் மேற்சொன்ன ஃபில்டரின் நடுத்துளையில் இருப்பது முக்கால் அங்குல மரை, அங்குலத்துக்குப் பதினாறு சுற்று. மில்லிமீட்டரில் சொன்னால் 19.05. ஹோண்டா, நிசான், மிட்சுபிஷி, ஹியூண்டாய் ஆகியவற்றின் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருப்பது 20 மில்லிமீட்டர் மரை, சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர். உறையின் அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 20 மில்லிமீட்டர் ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில் வைத்துத் திருகினால் அது ஏறிக்கொள்ளும். சற்றுத் தளர்வாக இருப்பது கைக்குத் தெரிந்தாலும், ரப்பர் வளையம் அமர்ந்ததும் இறுகிவிட்டதுபோல் தோன்றும். என்ஜின் சூடேறி, வேகம் கூடி, ஆயில் அழுத்தம் உயரும்போது அந்த மரைகள் வழுக்கி, ஃபில்டர் கழன்று விழக்கூடும். அப்படி நடந்தால் என்ஜினில் இருக்கும் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டச் சில விநாடிகளே போதும், ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டும் ஒவ்வொரு நொடியும் என்ஜினின் தாங்கிகளை (பேரிங்குகளை) தேய்த்துவிடும். பெரிதாக இருக்கிறது, ஆயில் அதிகம் பிடிக்கும் என்று சொல்லி வேறு காரின் ஃபில்டரை மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. மரை, ரப்பர் வளையத்தின் விட்டம், வால்வின் அழுத்தம் மூன்றும் ஒத்துப்போகின்றன என்று உறுதியாகத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது.

இனி, பிரித்துப் பார்த்ததற்கு வருவோம். இரம்பத்தால் அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து, எது ஃபில்டரில் ஏற்கெனவே இருந்தது, எது இரம்பம் போட்டது என்று தெரியாமல் போகும். ஆகவே குழாய் வெட்டும் கருவியைப் போலச் சுற்றிச் சுற்றி அழுத்தி வெட்டும் கருவியைப் பயன்படுத்தினோம். டொயோட்டா பெட்டியில் வந்ததையும், இந்தோனேசியத் தயாரிப்பான சக்குராவையும், நான் பெயர் குறிப்பிட விரும்பாத வெள்ளைப் பெட்டி ஒன்றையும் மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தபோது, தாளைப் பார்க்கும் முன்பே வேறுபாடு தெரிந்துவிட்டது. வெள்ளைப் பெட்டி ஃபில்டரின் மரையில் விரலை ஓட்டினால் உலோகப் பிசிறு ஒட்டியது. அந்தப் பிசிறு இருக்கும் இடம் நடுத்துளை. அதாவது, வடிகட்டப்பட்ட ஆயில் என்ஜினுக்குத் திரும்பிப் போகும் வழி. கழுவ வேண்டிய தண்ணீரில் சேற்றைக் கரைப்பதற்கு ஒப்பான காரியம் இது. மற்ற இரண்டிலும் மரை சுத்தமாக இருந்தது.

பட்டறையை நடத்துபவர் ஈப்போவிலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே தொழில் செய்பவர். நான் தாளின் மடிப்புகளை எண்ணத் தொடங்கியபோது, “அண்ணே, பேப்பர அப்புறம் எண்ணலாம், மொதல்ல இந்த ரப்பர மடக்கிப் பாருங்க,” என்று வால்வை எடுத்துக் கையில் கொடுத்தார். ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு அது. தகட்டின் உட்புறம் துளைகளை மூடியபடி அமர்ந்திருக்கும் மெல்லிய ரப்பர் வட்டம். என்ஜின் நிற்கும்போது ஃபில்டருக்குள் இருக்கும் ஆயிலை அது பிடித்துவைத்திருந்தால், காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் உடனே மேலேறும். அது கெட்டிப்பட்டுவிட்டால் இரவில் ஆயில் முழுவதும் தொட்டிக்கு இறங்கிவிடும், காலையில் ஓரிரு விநாடிகள் ‘கடகட’வென்று ஓசை கேட்கும். புதிய என்ஜின் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஏற்கெனவே தேய்ந்து இடைவெளி கூடிய தாங்கிகளும் தளர்ந்த சங்கிலியும் உள்ள பழைய என்ஜினுக்கு ஒவ்வொரு காலையும் இந்த உலர்ந்த தொடக்கம் கூடுதல் தேய்மானம்.

வெள்ளைப் பெட்டியின் வால்வை மடக்கியபோது அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பியது, ஓரத்தில் மெல்லிய வெடிப்பும் இருந்தது. அது இன்னும் காரில் ஏறாத புது ஃபில்டர். மற்ற இரண்டின் வால்வும் மடக்கிய வேகத்தில் விரிந்தன. இந்த வால்வு நைட்ரைல் ரப்பராலோ சிலிக்கோனாலோ செய்யப்படுகிறது. நைட்ரைல் நீண்ட நாள் சூட்டில் கெட்டிப்படும். சிலிக்கோன் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கி நெகிழ்வோடு இருக்கும். தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் நம் கார்களுக்குச் சிலிக்கோன் கூடுதல் பாதுகாப்பு என்றாலும், ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுகிறவருக்குப் புதிய நைட்ரைலும் போதும். நிறத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்; ஆரஞ்சு நிறத்தில் இருப்பதெல்லாம் சிலிக்கோன் அன்று. கடையிலேயே துளை வழியாகக் குச்சியை விட்டு மெல்ல அழுத்திப் பார்த்தால் ரப்பரின் நெகிழ்வு தெரியும். பழைய கார்களின் ஃபில்டர்கள் மெதுவாகவே விற்பனையாவதால், நல்ல நிறுவனத்தின் பொருளும் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து ரப்பர் இறுகியிருக்கலாம். பெட்டியின் அட்டை வெளுத்திருந்தால் வேறொன்று கேளுங்கள்.

இந்த வால்வின் முக்கியத்துவம் ஃபில்டர் பொருத்தப்பட்டிருக்கும் நிலையைப் பொறுத்தது. வாய் மேல்நோக்கி, கிண்ணம்போல் தொங்கும் ஃபில்டரில் ஆயில் தானாகவே தங்கும், அங்கே வால்வு சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம். கிடைமட்டமாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட கார்களில் வால்வுதான் எல்லாம்.

பைபாஸ் வால்வைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. தாள் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு ஆயிலே இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, இருபுறத்து அழுத்த வேறுபாடு ஓர் அளவைத் தாண்டியதும் திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயிலை நேரே அனுப்பும் சிறிய வில் வால்வு அது. பல ஜப்பானியக் கார்களின் ஃபில்டர்களில் இது ஏறத்தாழ 1 பார் வேறுபாட்டில் திறக்கும். சுபாரு போன்றவை அதைவிடக் கூடிய அழுத்தத்தைக் கேட்கின்றன. சில என்ஜின்களில் வால்வு என்ஜினிலேயே இருப்பதால் ஃபில்டரில் இருக்காது. வில் தளர்ந்து எப்போதும் சற்றுத் திறந்தே இருக்கும் ஃபில்டரில் தாள் எவ்வளவு உயர்தரமாக இருந்தும் பயனில்லை, ஆயிலில் ஒரு பகுதி தாளைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலக் காலைகளில் ஆயில் கெட்டியாகி இந்த வால்வு திறப்பது வழக்கம். நம் ஊரில் விடியற்காலையிலும் 24, 25 டிகிரி இருப்பதால் அந்தக் காரணம் இல்லை. ஆனால் பழைய கார்க்காரர்கள் பலர் ஆயில் குடிப்பதைக் குறைக்க 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலுக்கு மாறுகிறார்கள், அதோடு உள்ளே படிந்த கசடும் சேர்கிறது. இரண்டும் தாளின் மீது அழுத்தத்தைக் கூட்டுகின்றன. வெள்ளைப் பெட்டியின் வில்லைப் பெருவிரலால் எளிதாக அழுத்த முடிந்தது. மற்றவற்றில் அப்படி முடியவில்லை. கருவியால் அளந்த முடிவு அன்று இது, கைப்பழக்கத்தின் தீர்ப்புதான். ஆனால் வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு இருந்தது.

தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘99 விழுக்காடு அழுக்கைப் பிடிக்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள அழுக்கை என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். 40 மைக்ரானில் 99 விழுக்காடு என்பதும் 20 மைக்ரானில் 99 விழுக்காடு என்பதும் ஒன்றல்ல. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான், தாங்கிகளில் ஆயில் புகும் இடைவெளி அதைவிடச் சிறியது. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனைமுறையின்படி மைக்ரானோடு சேர்த்து விழுக்காட்டைக் குறிப்பிடும் நிறுவனத்தின் கூற்றை நம்பலாம். செயற்கை இழைகளால் ஆன தாள், சாதாரண செல்லுலோசைவிட நுண்ணிய துகள்களைப் பிடிப்பதோடு, அழுக்கை அதிக நேரம் தாங்கும் என்பது உண்மை. 15,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டுபவருக்கு அது வேண்டும். பழைய காரில் அவ்வளவு தூரம் ஓட்டவே கூடாது என்பதால், அந்தக் கூடுதல் விலையை ஆயிலை விரைந்து மாற்றுவதற்குச் செலவிடுவதே நல்லது. வெள்ளைப் பெட்டியின் தாளில் என்னை உறுத்தியது அதன் நுண்மை அன்று. மடிப்புகள் இணையும் இடத்தில் பசை பாதி தூரமே பிடித்திருந்தது, நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. ஆயில் எப்போதும் எளிய வழியையே தேடிப் போகும்.

டொயோட்டா பெட்டியில் வந்ததில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மடிப்புகள் சீராக இருந்தன, வால்வு நெகிழ்வாக இருந்தது, ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் அசையாமல் அமர்ந்திருந்தது. சக்குராவின் தகடும் தடிப்பானதே, தாள் பரப்பும் கண்ணுக்குக் குறைவாகத் தெரியவில்லை. விலை சில வெள்ளி குறைவு. நான் முதலில் டொயோட்டா பெட்டியையே கேட்பேன். கிடைக்காவிட்டால் சக்குராவைத் தயக்கமின்றி வாங்குவேன். ஆனால் கார் நிறுவனப் பெட்டிகளில்தான் போலிகளும் அதிகம் என்பதால், வழக்கமான கடை விலையில் பாதிக்கு இணையத்தில் விற்கப்படும் ‘அசல்’ பொருளை நான் வாங்குவதில்லை. அச்செழுத்துகள் மங்கியிருப்பது, உறையில் அச்சிட்ட எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் வேறுபடுவது, நெகிழித்தாள் சுற்றப்படாமல் இருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை.

பந்தயக் கார் ஃபில்டர் என்று விற்கப்படும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எஃகு வலை வகைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. வேலைப்பாடு அழகானது, ஐயமில்லை. ஆனால் அது ஆயில் தடையின்றிப் பாய்வதற்காகச் செய்யப்பட்டது; பல வலைகள் நல்ல தாள் ஃபில்டர் பிடிக்கும் சிறு துகள்களை விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு ஆயிலை மாற்றுபவருக்கு அது பொருந்தலாம். வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் காரில் அதைக் கழுவும் வேலையும் நம் தலையில் விழுகிறது, சரியாகக் கழுவாவிட்டால் பழைய அழுக்கே திரும்பிப் போகும். இதற்குச் செலவிடத் தேவையில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றைப் பரிந்துரைக்கிறேன். கழற்றிய ஃபில்டரை எறிவதற்கு முன்பு, மெக்கானிக்கிடம் சொல்லி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாளை எடுத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் விரித்தால் என்ஜினின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். கருப்புக் கசடு மென்மையாக இருந்தால் அது கரித்தூள், இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இரும்புத் தேய்மானம். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ காந்தத்தில் ஒட்டாத செதில்கள் தெரிந்தால் தாங்கிகள் தேய்கின்றன என்று பொருள், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. சிஓஇயைப் புதுப்பிக்கலாமா என்று யோசிப்பவருக்கு, பல ஆயிரம் வெள்ளி கட்டுவதற்கு முன்பு கிடைக்கும் மலிவான என்ஜின் சோதனை இது. முந்தைய உரிமையாளர் ஆயிலைச் சரியாக மாற்றாத காரை வாங்கியிருந்தால், நல்ல புதிய ஆயில் உள்ளே படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். ஆகவே முதல் ஃபில்டரை 3,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். பிறகு 5,000 கிலோமீட்டர் என்ற கணக்கு போதும்.

பொருத்தும்போது மூன்று காரியங்களை நேரில் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் மாட்டினால் கசிவு உறுதி. புதிய வளையத்தில் ஆயிலைத் தடவ வேண்டும். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் திருகினால் போதும். கருவியைக் கொண்டு முழு பலத்தோடு இறுக்குவது அடுத்த முறை கழற்றுபவரைத் தண்டிப்பதாகும். ஆயில் வடிக்கும் திருகின் அடியில் இருக்கும் வளையத்தையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள், அதன் விலை மிகச் சொற்பம்.

பழைய பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவை தாள் உருளை மட்டும் மாற்றும் வகை, மரையும் உறையும் காரிலேயே இருக்கின்றன. அங்கே மான், மாலே போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் உருளைகளே என் தேர்வு. அவற்றோடு அதே பெட்டியில் ரப்பர் வளையங்களும் வருகின்றன. அவசரத்தில் மெக்கானிக் மூடியின் பெரிய வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு, நடுத்தண்டில் உள்ள சிறிய வளையத்தை விட்டுவிடுவது உண்டு. ஆகவே கழற்றிய பழைய வளையங்கள் அனைத்தையும் தட்டில் வைக்கச் சொல்லி, பெட்டியில் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியின் மேலேயே இறுக்க வேண்டிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; பல பிஎம்டபிள்யூ கார்களில் அது 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் நெகிழி மூடி விரிசல் விடும், அந்த மூடியின் விலை பல ஃபில்டர்களின் விலைக்குச் சமம்.